ஹெல்ப் (ஆங்கிலச் சொல்)

ஹெல்ப் என்பது 'உதவு', 'உதவி' என்னும் பொருள்களில் வழங்கும் ஆங்கிலச் சொல். வினையாகவும் பெயராகவும் வரும். ஆபத்தில் சிக்கியவர் எழுப்பும் ஒற்றைச்சொல் கூவலாகவும் வரும். ஆங்கிலம் பிறந்த காலத்திலிருந்தே அதில் இருக்கும் செர்மானியச் சொற்களுள் இதுவும் ஒன்று. எய்ட், அசிஸ்ட், சப்போர்ட் முதலிய சொற்கள் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாகப் பின்னர் வந்து சட்டத்திலும் அலுவலகத்திலும் இடம்பிடித்தன. வீட்டுப் பேச்சிலும் அவசரக் குரலிலும் ஹெல்ப் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

தோற்றம்

பழைய ஆங்கிலத்தில் இந்த வினையின் வடிவம் 'ஹெல்ப்பன்'. ஆங்கிலோ-சாக்சன் மக்கள் பிரிட்டனில் குடியேறியபோது அவர்களுடைய மொழியோடு வந்த சொல் இது. இதன் உடன்பிறப்புகள் வடமேற்கு ஐரோப்பா முழுவதும் இருக்கின்றன: டச்சு மொழியில் 'ஹெல்ப்பென்', ஜெர்மனில் 'ஹெல்ஃபென்', ஸ்வீடிஷில் 'யெல்ப்பா'. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா செய்த கோதிக் விவிலிய மொழிபெயர்ப்பில் இதே சொல் 'ஹில்ப்பன்' என்ற வடிவில் இடம்பெறுகிறது.

ஆங்கிலத்தில் பகரமாக இருப்பது ஜெர்மனில் ஃபகரமாக ஒலிப்பதற்குக் காரணம், தெற்கு ஜெர்மானியப் பகுதிகளில் நிகழ்ந்த மெய்யொலி மாற்றம். கப்பலைக் குறிக்கும் ஆங்கில 'ஷிப்' ஜெர்மனில் 'ஷிஃப்' ஆனதும் இதே மாற்றத்தால்தான். செர்மானியக் குடும்பத்துக்கு வெளியே, ஆதரித்தல் என்னும் பொருளுள்ள லித்துவேனிய வினை 'ஷெல்ப்தி'யை அறிஞர்கள் இதனோடு ஒப்பிடுவதுண்டு.

வடிவ மாற்றம்

இன்று இதன் இறந்தகால வடிவம் 'ஹெல்ப்ட்'. பழைய ஆங்கிலத்திலோ இது 'சிங், சேங், சங்' போல உள்ளுயிர் மாறும் வினை. இறந்தகால எச்ச வடிவம் 'ஹோல்ப்பென்'. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய 'கேன்டர்பரி கதைகள்' நூலின் முன்னுரையில் இந்த வடிவம் இருக்கிறது. நோயுற்றிருந்தபோது தங்களைக் குணப்படுத்திய புனிதர் தாமஸ் பெக்கெட்டின் கல்லறையை நாடிப் பயணிகள் செல்வதைச் சொல்லும் இடம் அது.

1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியமும் ஹோல்ப்பெனைக் கைவிடவில்லை. 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் வழிபாட்டு நூலில் உள்ள மரியாளின் பாடலிலும் அது நிலைத்துவிட்டது. அதனால், பேச்சிலிருந்து மறைந்து நெடுங்காலம் ஆன பிறகும், அந்த நூலின்படி மாலை வழிபாடு நடக்கும் பேராலயங்களில் இந்த வடிவத்தை இன்றும் கேட்கலாம். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிப் பேச்சுவழக்கிலும் 'ஹோல்ப்' என்ற வடிவம் தங்கியிருந்தது.

பொருள் விரிவு

ஒருவர் செய்யும் வேலையில் இன்னொருவர் பங்கெடுத்து அதை எளிதாக்குவது அடிப்படைப் பொருள். அதிலிருந்து மூன்று கிளைப் பொருள்கள் முளைத்தன.

முதலாவது, நோய் தீர்த்தல். மருந்து இருமலுக்குக் கேட்கிறது என்று தமிழில் சொல்லும் இடத்தில் ஆங்கிலத்தில் ஹெல்ப் வரும். நோயைத் தீர்ப்பது என்பது நிலைமையை மாற்றுவது. மாற்றுவது என்பதிலிருந்து 'வராமல் தடுப்பது', 'தவிர்ப்பது' என்று பொருள் நகர்ந்தது. தமிழ் மாணவர்களைக் குழப்பும் 'கான்ட் ஹெல்ப்' என்ற தொடரின் பிறப்பு இதுவே. 'ஐ கான்ட் ஹெல்ப் லாஃபிங்' என்றால் 'சிரிக்க உதவ முடியாது' என்பதல்ல, 'சிரிக்காமல் இருக்க முடியவில்லை' என்பதே பொருள்.

இரண்டாவது, உணவு பரிமாறுதல். விருந்தாளியிடம் 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்று ஆங்கிலேயர் சொன்னால், 'வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்' என்று பொருள். இலை போட்டு உட்காரவைத்து, போதும் என்று கைமறித்த பின்னும் இன்னொரு கரண்டி வைக்கும் பந்தியில் பழகியவருக்கு இது கவனிக்காமல் விடுவது போலத் தோன்றலாம். சொல்பவரின் நோக்கம் அதுவன்று. கூச்சப்பட வேண்டாம், இது உங்கள் வீடு என்பதே அதன் உட்பொருள். ஒரு முறை தட்டில் இடும் அளவு 'ஹெல்ப்பிங்' எனப்படும்.

மூன்றாவது, வேலைக்கு அமர்த்தப்பட்டவர். அமெரிக்காவில் கூலிக்கு வீட்டுவேலை செய்தவர்கள் தங்களை வேலைக்காரர் என்று அழைப்பதை ஏற்கவில்லை. குடியரசில் எல்லோரும் சமம் என்ற உணர்வில் 'ஹெல்ப்' என்ற பெயரை விரும்பினார்கள். 1832இல் அமெரிக்க வாழ்க்கையைப் பற்றி நூல் எழுதிய ஆங்கிலேயர் ஃபிரான்சஸ் டிரோலோப் இதை வியப்போடு பதிவுசெய்திருக்கிறார். மதிப்புக்காகப் பிறந்த பெயர் பின்னர் நிறப் பாகுபாட்டின் சுமையையும் தாங்க நேர்ந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்த கறுப்பினப் பெண்களைப் பற்றி கேத்ரின் ஸ்டாக்கெட் 2009இல் எழுதிய நாவலின் பெயர் 'தி ஹெல்ப்'. 2011இல் அது திரைப்படமானது.

கூவலாக வரும்போது இந்தச் சொல்லுக்கு எழுவாயும் வேண்டாம், செயப்படுபொருளும் வேண்டாம். பீட்டில்ஸ் குழுவினரின் 1965ஆம் ஆண்டுப் பாடலின் தலைப்பு 'ஹெல்ப்!'. துள்ளலான இசைக்குள் தாம் உண்மையாகவே உதவி கேட்டுக்கொண்டிருந்ததாக அக்குழுவின் ஜான் லெனன் பின்னாளில் கூறினார்.

இலக்கணம்

நவீன ஆங்கிலத்தில் உதவி பெறுபவர் இந்த வினைக்குச் செயப்படுபொருளாகத் தெரிகிறார். பழைய ஆங்கிலத்தில் நிலைமை வேறு. உதவி பெறுபவர் நான்காம் வேற்றுமையிலோ ஆறாம் வேற்றுமையிலோ நின்றார். ஜெர்மன் மொழியில் இன்றும் நான்காம் வேற்றுமையே வரும். 'என்னை உதவு' என்று சொல்லாமல் 'எனக்கு உதவு' என்று சொல்லும் தமிழருக்கு இதில் வியப்பில்லை. அடிப்பது, தள்ளுவது போல ஒருவர்மேல் நிகழ்த்தும் செயல் அல்ல உதவி, ஒருவருக்குத் தரப்படுவது. இந்த வேறுபாட்டைத் தொடர்பே இல்லாத இரு மொழிக் குடும்பங்களும் தத்தம் வேற்றுமை உருபில் காத்துவைத்திருக்கின்றன. வேற்றுமை உருபுகள் தேய்ந்துபோனதால் ஆங்கிலத்தில் அது வெளியே தெரிவதில்லை.

இந்த வினைக்குப் பின் வரும் வினையெச்சத்தோடு 'டு' சேரலாம், சேராமலும் இருக்கலாம். இரண்டும் சரியே. சேராத வழக்கு 20ஆம் நூற்றாண்டில் பெருகியது. அமெரிக்க ஆங்கிலத்தில் அது மிகுதி. செயப்பாட்டு வினையில் மட்டும் 'டு' கட்டாயம்.

கிளைச்சொற்கள்

ஹெல்ப்பர், ஹெல்ப்ஃபுல், ஹெல்ப்லெஸ், ஹெல்ப்லைன், ஹெல்ப் டெஸ்க் ஆகியவை இதிலிருந்து கிளைத்தவை. இவற்றுள் விந்தையான வரலாறு உடையது, வாழ்க்கைத் துணையைக் குறிக்கும் 'ஹெல்ப்மேட்'. ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தின் தொடக்க நூலில், ஆதாமுக்கு 'ஹெல்ப்' ஒன்று படைக்கப்படுவதாகவும், அது அவனுக்கு 'மீட்' ஆக இருக்கும் என்றும் வருகிறது. அங்கே 'மீட்' என்பது 'தகுந்த' எனப் பொருள்படும் பழைய பெயரடை. அந்தப் பொருள் மங்கியதும் அடுத்தடுத்து நின்ற இரு சொற்களும் ஒட்டி 'ஹெல்ப்மீட்' என ஒரே சொல்லாயின. அதுவும் விளங்காமல் போகவே, தோழரைக் குறிக்கும் 'மேட்' கடைசியில் வந்து அமர்ந்தது. எபிரேய மூலத்தில் உள்ள 'ஏசெர்' என்ற சொல் கடவுள் தரும் உதவிக்கும் ஆளப்படுவது. ஆகவே துணையாக வருபவரைத் தாழ்ந்தவராகப் படிக்க மூலச்சொல் இடம் தருவதில்லை.

'செல்ஃப்-ஹெல்ப்' என்ற தொடரைப் பரவலாக்கியது ஸ்காட்லாந்துக்காரரான சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் வெளியிட்ட அதே பெயருள்ள நூல். நகமுரா மசனாவோ 1871இல் ஜப்பானிய மொழியில் பெயர்த்தபோது அங்கும் அது பெருவாரியாகப் படிக்கப்பட்டது. தனக்குத் தானே உதவிக்கொள்பவருக்குக் கடவுளும் உதவுவார் என்ற கருத்துள்ள ஆங்கிலப் பழமொழியை விவிலிய வாசகம் என்று பலர் நம்புகிறார்கள். அது விவிலியத்தில் இல்லை.

ஒத்த பொருள் உள்ள சொற்கள்

அசிஸ்ட்: 'அருகில் நிற்பது' என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. முதன்மையாக வேலை செய்பவர் வேறொருவர். பக்கத்தில் நின்று கைகொடுப்பவரே அசிஸ்டென்ட். கால்பந்தில் கோல் அடிப்பவருக்குப் பந்தைச் சேர்ப்பதும் அசிஸ்ட்தான்.

எய்ட்: லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. பணம், பொருள், அமைப்பு சார்ந்த உதவிக்கு மிகுதியாக ஆளப்படுகிறது. நாம் முதலுதவி என்பது 'ஃபர்ஸ்ட் எய்ட்' என்பதன் தமிழாக்கம். 1877இல் இங்கிலாந்தில் தோன்றிய செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் அந்தப் பயிற்சியைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. விமானிகளின் அபாய அழைப்பான 'மேடே'யும் எய்டின் உறவே. 'எனக்கு உதவுங்கள்' என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைக் கொண்டு 1920களில் லண்டனின் கிராய்டன் விமான நிலைய வானொலி அதிகாரி ஃபிரெடரிக் மாக்ஃபோர்டு அதை உருவாக்கினார்.

சப்போர்ட்: 'கீழிருந்து தாங்குவது' என்பது வேர்ப்பொருள். விழாமல் பிடித்து நிற்கும் ஆதரவைக் குறிக்கும்.

இந்த மூன்று சொற்களிலும் உதவுபவர் எங்கே நிற்கிறார், எதைத் தருகிறார் என்பது அடங்கியிருக்கிறது. ஹெல்ப் அப்படி எதையும் வரையறுப்பதில்லை. நீரில் மூழ்குபவர் அசிஸ்ட் என்றோ எய்ட் என்றோ கத்தாமல் ஹெல்ப் என்று கத்துவதற்கு அதன் குறுமை ஒரு காரணம், எந்த வகை உதவியையும் ஏற்கும் அதன் அகலம் இன்னொரு காரணம்.

தமிழில்

அன்றாடத் தமிழ்ப் பேச்சில் ஹெல்ப் பெயராகவே வழங்குகிறது. 'பண்ணு' என்ற துணைவினை சேர்ந்து 'ஒரு ஹெல்ப் பண்ணுங்க' என்றாகிறது. கட்டட வேலையில் மேஸ்திரிக்குச் சித்தாள் எப்படியோ, பட்டறையில் மெக்கானிக்குக்கு ஹெல்ப்பர் அப்படி. வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் கையை நீட்டினால், எந்த எண் ஸ்பேனர் வேண்டும் என்று கேளாமலே எடுத்துக் கொடுப்பவர் நல்ல ஹெல்ப்பர்.

'செல்ஃப்-ஹெல்ப்' தமிழுக்குச் 'சுய உதவி' என்று வந்தபோது அதன் பொருளே மாறியது. ஸ்மைல்ஸுக்கு அது தனிமனித விடாமுயற்சி. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இயக்கத்திலோ, பத்துப் பதினைந்து பெண்கள் கூடிச் சேமித்து, சேர்ந்தே கடன் பெற்று, ஒருவரால் தவணை கட்ட முடியாத மாதத்தில் மற்றவர்கள் பங்கிட்டுக் கட்டுவதும் உண்டு. இங்கே 'சுயம்' என்பது ஒருத்தியை அல்ல, குழுவாக அமர்ந்திருக்கும் அத்தனை பேரையும் குறிக்கிறது.