அளந்த ஆழமும் அனுமானித்த ஆழமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தார் கண்மாயை நம்பி வாழ்பவர்கள். கடல் அவர்களுக்குத் தொலைவு. ஆயினும் திருச்சுழியைத் தொட்டோடும் குண்டாறு மன்னார் வளைகுடாவை நோக்கியே செல்கிறது. கண்மாயின் ஆழத்தை அறிந்தவர்க்குக் கடலின் ஆழம் கண்ட வரலாறும் எளிதில் விளங்கும்.

கண்மாய் பெருகி நிற்கையில் மடையருகே ஓராள் ஆழம். உள்வாயின் விளிம்பில் முழங்காலளவு. இவ்விரண்டையும் அளந்தவர், இடைப்பட்ட தரை சீராகச் சரிகிறது எனக் கணக்கிட்டால் அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் மண் வெட்டிய கிடங்கோ பழைய ஓடைப் பள்ளமோ நடுவில் இருந்துவிட்டால், அக்கணக்கே ஆளை விழுங்கிவிடும். அளந்த இடங்களைக் கொண்டு அளவாத இடத்தை மதிப்பிடுவதன் பயனும் அபாயமும் இதுவே.

இம்மதிப்பீட்டுக் கலை முதலில் வானியலில் வளர்ந்தது. கோள்நிலை அட்டவணைகளில் குறித்த இடைவெளிகளுக்கே எண்கள் இருக்கும். இடைப்பட்ட எண்ணைக் காண்பதை அரபு வானியலார் ‘தஃதீலு மா பைனஸ் ஸத்ரைன்’ என்றனர். இரு வரிகளுக்கு இடையிலுள்ளதைச் சீர்செய்தல் என்பது பொருள். நம் நாட்டுப் பிரம்மகுப்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே, எண்களின் ஏற்றத்தாழ்வு எவ்வாறு மாறிச் செல்கிறது என்பதையும் கணக்கிற் சேர்த்தார். வடமொழி பயின்று அவர் நூல்களை ஆராய்ந்த அல்பீரூனியும், பதினோராம் நூற்றாண்டில் தம் ‘அல்கானூனுல் மஸ்ஊதி’யில் நேர்க்கோட்டுக் கணக்கினும் நுண்ணிய முறையைக் கையாண்டார்.

கடலில் நிலைமை வேறு. மாலுமிகள் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்த்தனர். இரு கைகளையும் விரித்த நீளமே அளவு. அரபியர் அதனை ‘பாஃ’ என்றனர், நம் கடற்கரையார் ‘பாகம்’ என்றனர். கரையோரத்திற்கு இது போதும். ஆழ்கடலிலோ ஒருமுறை அளக்கவே மணிக்கணக்காகும். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய ‘சேலஞ்சர்’ கப்பல், ஆழ்கடலில் அளந்த இடங்கள் ஐந்நூறுக்கும் குறைவு.

பின்னர் எதிரொலிக் கருவி வந்தது. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். அது தரையில் பட்டுத் திரும்பும் நேரமே ஆழத்தைச் சொல்லிவிடும். 1933–34இல் எகிப்தியக் கப்பலான ‘மபாஹிஸ்’, எகிப்திய மாலுமிகளும் அறிஞர்களும் பங்குகொள்ள, இக்கருவியுடன் அரபிக்கடலை ஆராய்ந்தது. கடலடியில் மலைத்தொடரும் அதனூடே பள்ளத்தாக்கும் தென்பட்டன. ஆயினும் கப்பல் சென்ற வழியில் மட்டுமே எண்கள் நெருங்கி நின்றன. வழிக்கும் வழிக்கும் இடையே வெறுமை.

அவ்வெறுமையை நிரப்பியதில் அமெரிக்கப் பெண்மணி மேரி தார்ப்பின் பணி நினைவுகூரத்தக்கது. பெண் என்பதால் அன்று அவருக்குக் கப்பலில் இடமில்லை. 1952இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த ஆறு கப்பல் வழிகளின் அளவீடுகளை ஒப்புநோக்கி, மலைத்தொடரின் உச்சியில் நெடிய பிளவு ஒன்று தொடர்ந்து செல்வதாகக் கூறினார். உடன் பணியாற்றிய ஹீஸன் முதலில் அதனைப் பெண்பேச்சு என்று ஒதுக்கினார். நிலநடுக்கம் நிகழ்ந்த இடங்களைப் புள்ளியிட்டபோது அவை அப்பிளவின் வழியே விழுந்தன. எந்தக் கப்பலும் கடவாத இடத்திலும் பிளவை வரைய அவருக்குச் சான்று கிடைத்தது. இருவரும் இணைந்து இந்தியப் பெருங்கடலின் படத்தை 1964இல் வெளியிட்டனர்.

இது ஏட்டறிவோடு நின்றுவிடும் செய்தியன்று. 2004 டிசம்பர் 26இல் நம் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையின் வேகத்தை ஆழமே நிர்ணயிக்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் அலை மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் விரையும். 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டராகக் குறையும். 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்கும் எச்சரிக்கை மையம், அலை எப்போது எக்கரையை அடையும் எனக் கணிப்பதற்கு வழிநெடுக ஆழம் தெரிந்தாக வேண்டும். ஆழம் பிழைத்தால் நேரமும் பிழைக்கும். 2014இல் 239 பேருடன் மறைந்த மலேசிய விமானத்தைத் தேடியபோதும், அப்பகுதியின் படம் பெரும்பாலும் செயற்கைக்கோள் மதிப்பீடாகவே இருந்தது. கப்பல்கள் ஆழத்தை அளந்த பின்னரே விரிவான கடலடித் தேடல் தொடங்கிற்று.

2025ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகக் கடலடியில் கருவிகொண்டு அளந்து படமாக்கப்பட்டது நான்கில் ஒரு பங்கிற்குச் சற்றே கூடுதல். எஞ்சியது அனுமானமே. அனுமானம் இழுக்கன்று; அதனை அளவீடு என்று காட்டுவதே இழுக்கு. 1903இல் தொடங்கப்பட்ட ‘ஜெப்கோ’ எனும் உலகக் கடலாழப் படத்திற்கு இன்று ஒரு துணைப்படம் உண்டு. எந்த எண் அளந்தது, எந்த எண் இடைக்கணிப்பால் வந்தது என்று அது இடந்தோறும் குறிக்கிறது. படம் வரைவோர்க்கு அதனினும் மேலான ஒழுக்கம் வேறில்லை.