அப்பா அடித்த பச்சை

கல்யாண் வீட்டுப் பரணில் ஒரு உலோகப் பொம்மைக் கார் கிடைத்தது. அண்ணன் விளையாடியது. அடியில் 'நிக்கி' என்ற பெயர். எனக்குத் தரும்முன் அப்பா, கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயிண்ட்டைப் பூசித் தந்தார். "சுரண்டிட்டு புதுசா அடிக்கலாம்பா" என்கிறாள் மகள்.

கொஞ்சம் சரித்திரம். லிவர்பூலின் மெக்கானோ கம்பெனி 1934 முதல் 'டிங்கி' என்ற பெயரில் விற்ற கார்கள் இவை. அறுபதுகளின் கடைசியில் அதன் பழைய அச்சுகள் கல்கத்தா வந்தன. டிங்கி 'நிக்கி' ஆனது. லிவர்பூல் ஆலை 1979இல் மூடப்பட்டது.

அந்தக் கால பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் வீட்டு பெயிண்ட்டுக்கு 90 பிபிஎம் வரம்பு அமலானதே 2017 நவம்பரில்தான். எனவே உலர்வாகச் சுரண்டவே கூடாது. தூசி மூச்சில் போகும். காஸ்டிக் சோடா துத்தநாகக் கலவையை அரித்துவிடும். டயர், பிளாஸ்டிக் ஜன்னலைக் கழற்றி, கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, ஈரத்தோடு பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்கலாம். குழந்தைகள் அருகில் வேண்டாம். சில பெயிண்ட் இதற்கும் அசையாது.

எல்லாம் வாங்கி வைத்தேன். காரைக் கையில் எடுத்தால், பச்சையில் அப்பாவின் பிரஷ் கோடுகள்! அவர் கையெழுத்துபோல மிச்சமிருப்பது அதுதான்.

இப்போது கார், மகளுக்கு எட்டாத கண்ணாடி அலமாரியில். ஆல்கஹால் பாட்டில் சும்மா கிடக்கிறது :-)