எடின்பரோவா, வீட்டுக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகமா? – ஸ்கொட்லாந்துக்கு விண்ணப்பிக்கும் லண்டன் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்கள் ஒவ்வொரு ஆண்டும் இலையுதிர்காலத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "பிள்ளைக்கு எடின்பரோ கிடைக்குமா? கிடைத்தால் அனுப்பலாமா?" இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதலாவது தெரிவுக் கடுமை பற்றியது, இரண்டாவது காசும் காலமும் பற்றியது. இரண்டையும் இங்கே பிரித்துப் பார்க்கிறோம்.

எல்லைக்கு அப்பால் வேறு விதி

எடின்பரோ பல்கலைக்கழகம் 1583இல் தொடங்கியது. இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் பெரிய அரச நிதிப் பல்கலைக்கழகம் அது. ஸ்கொட்லாந்தில் வதியும் மாணவரின் முதல் பட்டப்படிப்புக் கட்டணத்தை அங்குள்ள அரசே கட்டுகிறது. லண்டனில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் 'ஏனைய பிரித்தானியா' என்ற பிரிவில் சேர்வார்கள். அவர்களுக்கு 2025-26இல் ஆண்டுக் கட்டணம் இங்கிலாந்தில் உள்ளது போலவே 9,535 பவுண்.

தரப்படுத்தலை அனுபவித்த எங்களுக்கு இப்படிப் பிரிப்பதைக் கேட்டதும் மனம் கசக்கும். 1970இல் பேராதனை பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழி மாணவருக்கு 227 புள்ளிகள் போதும், தமிழ் மொழி மாணவருக்கு 250 வேண்டும் என்றார்கள். 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. ஸ்கொட்லாந்தின் விதி அதுவல்ல. யாருடைய மொழியையும் பார்த்து வாசலை அது உயர்த்துவதில்லை. தன் வரிப்பணத்தில் படிப்பவர்களின் எண்ணிக்கைக்குத்தான் அந்த அரசு வரம்பு வைக்கிறது. எங்கள் பிள்ளைகளின் கட்டணம் அந்தப் பணத்தில் இருந்து வராததால், பெரும்பாலான பாடங்களில் அந்த வரம்பு அவர்களுக்குப் பொருந்தாது.

'நூற்றுக்கு இத்தனை பேர்' என்பதை நம்பலாமா?

பல்கலைக்கழகம் முழுவதற்குமான அனுமதி விகிதம் எங்களுக்கு அதிகம் உதவாது. ஸ்கொட்லாந்து, ஏனைய பிரித்தானியா, வெளிநாடு என்ற மூன்று வரிசைகளும் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. பார்க்க வேண்டியது, உங்கள் பாடத்தில் உங்கள் கட்டணப் பிரிவுக்கு என்ன நிலை என்பதைத்தான். திறந்த நாள் நிகழ்வில் இதை நேரடியாகக் கேளுங்கள்.

மருத்துவம் விதிவிலக்கு. அங்கே எல்லாப் பிரிவுகளுக்கும் இடங்கள் கட்டுப்படுத்தப்பட்டவை. பள்ளியில் இருந்து நேரே போகும் பிள்ளைக்கு எடின்பரோவில் அது ஆறு ஆண்டுப் படிப்பு, யூகேட் தேர்வும் வேண்டும், விண்ணப்ப முடிவு ஒக்டோபர் 15. யூகாஸின் ஐந்து தெரிவுகளில் நான்கை மட்டுமே மருத்துவத்துக்குக் கொடுக்கலாம்.

பாடசாலை, குடியிருப்புப் பகுதி, அகதிப் பின்னணி ஆகியவற்றைக் கருதும் சூழல்சார் அனுமதி முறையும் உண்டு. அகதி என்று எழுத வெட்கப்பட்டு அந்தக் கட்டத்தை வெறுமையாக விடும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். அப்படி விடாதீர்கள்.

பெயரின் பெறுமதி

கியூஎஸ் உலகப் பட்டியலில் எடின்பரோ 2025 பதிப்பில் 27ஆவது, 2026 பதிப்பில் 34ஆவது. ஓராண்டில் ஏழு இடம் இறங்கியதால் வகுப்பறை கெட்டுவிடவில்லை. அந்தப் புள்ளிகளில் 30 சதவீதம் கல்வியாளர்களிடம் கேட்டுப் பெறும் நற்பெயர்க் கருத்துக்கணிப்பு. உங்கள் பிள்ளையின் கட்டுரையை யார் திருத்துவார்கள், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதை அது அளப்பதில்லை. அதற்கு இறுதியாண்டு மாணவர்களிடம் நடத்தப்படும் தேசிய மாணவர் கருத்தாய்வைப் பாடவாரியாகப் பாருங்கள்.

நான்காவது ஆண்டின் விலை

ஸ்கொட்லாந்தில் சிறப்புப் பட்டம் நான்கு ஆண்டு, இங்கிலாந்தில் வழமையாக மூன்று. ஆண்டு வருமானம் 25,000 பவுணுக்கு மேற்படாத ஒரு குடும்பத்தை எடுத்து, 2025-26 விகிதங்களில் உச்சக் கடனைக் கணக்கிட்டோம்.

எடின்பரோ: கட்டணம் 38,140, வாழ்க்கைச் செலவுக் கடன் ஆண்டுக்கு 10,544 வீதம் 42,176. மொத்தம் 80,316 பவுண்.

வீட்டில் இருந்து மைல் எண்டில் உள்ள குயின் மேரி: கட்டணம் 28,605, வாழ்க்கைச் செலவுக் கடன் ஆண்டுக்கு 8,877 வீதம் 26,631. மொத்தம் 55,236 பவுண்.

வித்தியாசம் 25,080. இறுதியாண்டுக் கடன் சற்றுக் குறையும், கட்டணம் கூடவும் கூடும். இதோடு ஓராண்டுச் சம்பளம் பிந்துவதையும் சேருங்கள். ரோம்ஃபோர்ட் வீதியில் 25ஆம் இலக்க பஸ் ஏறினால் குயின் மேரி வாசலிலேயே இறங்கலாம். எடின்பரோவுக்கு ஒவ்வொரு விடுமுறைக்கும் ரயில் செலவு.

ஆனால் கடன் தொகையைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். 2023 ஓகஸ்டுக்குப் பிறகு தொடங்கியவர்கள் 25,000 பவுணுக்கு மேல் உழைக்கும் தொகையில் 9 சதவீதம் கட்டுவார்கள். 35,000 உழைப்பவர் மாதம் 75 பவுண் கட்டுவார். கடன் 55,000 என்றாலும் 80,000 என்றாலும் அதே 75தான், கட்டும் ஆண்டுகள்தான் கூடும். 40 ஆண்டில் மீதி தள்ளுபடி. அதிகம் உழைப்பவர் சீக்கிரம் முடிப்பார், குறைவாக உழைப்பவருக்குத் தள்ளுபடி கிடைக்கும். கூடுதல் கடனின் சுமை உண்மையில் நடுத்தரச் சம்பளக்காரர் மேல்தான் விழும்.

நான்காவது ஆண்டுக்கு ஒரு நன்மையும் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் பிரதான பாடத்தோடு வேறு பாடங்களையும் படித்துப் பார்க்கலாம். எதைப் படிப்பது என்று உறுதியில்லாத பிள்ளைக்கு அது பெரிய வாய்ப்பு. உறுதியாக இருக்கும் பிள்ளை, தன் பாடத்தில் நேரடி இரண்டாம் ஆண்டு அனுமதி உண்டா என்று கேட்கலாம்.

முதலில் விசாவைப் பாருங்கள்

அகதி அந்தஸ்து கிடைத்த குடும்பத்தின் பிள்ளைக்கு உள்நாட்டுக் கட்டணமும் மாணவர் கடனும் உண்டு, மூன்றாண்டு வதிவிட நிபந்தனை இல்லை. தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருப்பவர்கள், மட்டுப்படுத்தப்பட்ட விசாவில் இருப்பவர்கள் நிலை வேறு. பல மடங்கான வெளிநாட்டுக் கட்டணம் அவர்களிடம் கேட்கப்படலாம். 2015 டிகெரே (Tigere) வழக்கில் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, நீண்டகாலம் இங்கே வாழ்ந்த பிள்ளைகளுக்குக் கடன் பெறும் வழி திறந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர் ஏழு ஆண்டு, மேற்பட்டவர் தம் வாழ்நாளில் பாதி அல்லது இருபது ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். வேறு நிபந்தனைகளும் உண்டு, ஆலோசனை பெறுங்கள்.

எங்கள் சொந்தக் கதை இதுதான். வணிகப் பட்டத்தோடு வந்து மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது அனுமதிக் கடிதம் வந்தது. கூடவே வெளிநாட்டுக் கட்டணத் தொகையும் வந்தது. எங்கள் வழக்கு அப்போது முடியவில்லை. கடிதத்தை மடித்து வைத்தோம். மாலையில் வேலை, இரவில் கணக்காளர் தேர்வு என்று ஆண்டுகள் போயின.

அதனால்தான் எங்கள் மகள் விண்ணப்பித்தபோது பட்டியலில் எத்தனையாவது இடம் என்று முதலில் பார்க்கவில்லை. கட்டண நிலையை எழுத்தில் உறுதி செய்தோம். பிறகு மேலே உள்ள கணக்கை அவள் முன்னால் வைத்தோம். பொருளியலா மொழியியலா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. எடின்பரோவை முதல் தெரிவாகவும் குயின் மேரியைக் காப்புத் தெரிவாகவும் குறித்தாள். அம்மாவுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. கடனைக் கட்டப்போவது மகள் என்பதால் அவளே தெரிவு செய்யட்டும் என்று விட்டோம்.