எம்.ஏ. சர்வதேச உறவுகள்: எங்கே படிக்கலாம், எதற்காகப் படிக்க வேண்டும்?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மயிலாப்பூர் பக்கம் குடியிருக்கும் ஒரு தந்தை நம்மிடம் வந்தார். அவருடைய மகள் பி.ஏ. வரலாறு இறுதியாண்டு படிக்கிறார். "எம்.ஏ. சர்வதேச உறவுகள்தான் படிப்பேன்னு பிடிவாதமா நிக்கிறா ஹஜ்ரத். நான் பி.எட். சேருன்னு சொல்றேன். இதைப் படிச்சா சோறு போடுமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பேச்சினிடையே இன்னொன்றும் தெரிய வந்தது. அவருடைய வாப்பா ரங்கூனில் கடை வைத்திருந்து, 1960களில் வெறுங்கையோடு திரும்பியவர். ஆக, கேள்விக்கான பாதிப் பதில் அவர் வீட்டிலேயே இருக்கிறது. மீதிப் பதிலை, இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே தருகிறோம்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கடல் கடந்த வாழ்க்கை தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதல்ல. பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சிங்கப்பூரின் சூலியா பள்ளிவாசலும் நம் முன்னோர் போய்த் தங்கிய ஊர்களுக்குச் சாட்சிகள். ஆனால் அந்த வாழ்க்கையைப் புரட்டிப் போட்ட முடிவுகள் பெரும்பாலும் அரசுகளுக்கிடையே, அல்லது ஓர் அரசுக்குள்ளே எடுக்கப்பட்டவை.

1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் வணிகமும் அரசுடைமையானபோது பெரும் எண்ணிக்கையில் நம் மக்கள் ஊர் திரும்பினர். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி, இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினரில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்பது என முடிவானது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர் விமானம் மூலம் தாயகம் கொண்டுவரப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் இலங்கையின் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2013இல் சவூதி அரேபியா நிதாகத் விதிகளைக் கடுமையாக்கியபோது எத்தனையோ வீடுகளில் கவலை சூழ்ந்தது.

இவற்றையெல்லாம் அனுபவித்த சமுதாயம் நாம். ஆனால் இவை ஏன் நடந்தன, அடுத்து என்ன நடக்கலாம் என்று முறையாகப் படித்துச் சொல்லக்கூடியவர்கள் நம்மில் மிகக் குறைவு. இந்தப் படிப்பு அதற்கானதுதான்.

பெயர்களைப் பிரித்தறிவோம்

விண்ணப்பிக்கும்போது நான்கு பெயர்கள் குழப்பும். அரசியல் அறிவியல் என்பது அரசமைப்பு, அரசியல் கோட்பாடு, தேர்தல் ஆகியவற்றை மையமாகக் கொண்டது. சர்வதேச உறவுகள் என்பது வெளியுறவுக் கொள்கை, ஐ.நா. போன்ற அமைப்புகள், சர்வதேசச் சட்டம், போர், சமாதானம் பற்றியது. வட்டார ஆய்வு ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் வரலாறு, அரசியல், பொருளாதாரம், சமூகம் அனைத்தையும் சேர்த்துப் படிப்பது. பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வு ராணுவம், எல்லை, கடல் பாதுகாப்பு போன்றவற்றைப் பேசுவது.

சென்னையில் எங்கே?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் வசிப்போருக்கு முக்கியமான இடங்கள் எல்லாம் பஸ் தூரத்திலேயே உள்ளன.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை, பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுத் துறை, தெற்கு மற்றும் தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. கடைசியாகச் சொன்ன மையத்தை நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மியான்மர் என்று நம் உறவினர் வாழும், வாழ்ந்த நாடுகளே அதன் ஆய்வுக் களம். அதன் நிறுவன இயக்குநரான பேராசிரியர் வி. சூரியநாராயண் கச்சத்தீவு, பாக் நீரிணை மீனவர், இலங்கை அகதிகள் பற்றி விரிவாக எழுதியவர்.

பெண் பிள்ளைகளுக்கு, கதீட்ரல் சாலையில் உள்ள ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் எம்.ஏ. சர்வதேச ஆய்வுகள் படிப்பு உண்டு. அடையாறு பக்கம் ஐ.ஐ.டி. மெட்ராஸில் சீன ஆய்வு மையமும், காந்தி நகரில் 1971இல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. ஆராய்ச்சி வரை போக நினைப்போர் இவற்றின் கருத்தரங்குகளைக் கவனித்து வரலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பயன்படுத்தாமல் இந்தப் படிப்பை முடிப்பது வீண்.

தேதியைத் தவற விடாதீர்கள்

நம் குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பட்டப்படிப்பு முடிவு வந்த பிறகு கல்லூரி தேடுவது நம் வழக்கம். சென்னையில் அது பெரும்பாலும் சரிவரும். ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு சி.யு.இ.டி. முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சமீப ஆண்டுகளில் அது மார்ச் மாதத்தில் நடக்கிறது. விண்ணப்பமோ குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். இறுதியாண்டில் படித்துக்கொண்டே விண்ணப்பிக்கலாம். டெல்லி ஜே.என்.யு.வின் சர்வதேச ஆய்வுப் பள்ளிக்கும், பக்கத்திலிருக்கும் புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் அரசியல் மற்றும் சர்வதேச ஆய்வுத் துறைக்கும் இதுவே வழி. வளைகுடா நாடுகளைப் படிக்க விரும்புவோருக்கு அலிகரில் மேற்காசிய, வட ஆப்பிரிக்க ஆய்வுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

தமிழக அரசின் பல்கலைக்கழகங்களில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மத்திய நிறுவனங்களில் அந்தச் சான்றிதழ் செல்லாது. மத்தியப் பட்டியலில் உங்கள் பிரிவு உள்ளதா என்று பார்த்து, ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும்.

வேலை கிடைக்குமா?

உள்ளதைச் சொல்வதானால், எம்.ஏ. சான்றிதழ் மட்டும் வேலை வாங்கித் தராது. அந்த இரண்டு ஆண்டுகளில் கூடவே என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. சிவில் சர்வீஸ் தேர்வில் 'அரசியல் அறிவியல் மற்றும் சர்வதேச உறவுகள்' 500 மதிப்பெண்ணுக்கான விருப்பப் பாடம். ஐ.எஃப்.எஸ். என்னும் வெளியுறவுப் பணிக்கும் அதே தேர்வுதான். இதற்கான தமிழக அரசின் பயிற்சி மையம் கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது.

கல்லூரி ஆசிரியராக விரும்பினால் நெட் தேர்வு எழுத வேண்டும். அதில் ஜே.ஆர்.எஃப். பெற்றால் ஆராய்ச்சிக் காலத்தில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. சிறுபான்மை மாணவருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்ட பிறகு, நம் பிள்ளைகளுக்கு ஜே.ஆர்.எஃப். முன்னைவிட அவசியமாகிவிட்டது. இவை தவிர பத்திரிகை, ஆய்வு நிறுவனங்கள், துணைத் தூதரகங்கள், தொண்டு நிறுவனங்கள் என்று வழிகள் உண்டு. ஆங்கிலத்தில் தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கே அவை திறக்கும்.

மதரஸா மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓதியதோடு கலைப் பட்டமும் முடித்தவர் என்ற முறையில் சொல்கிறோம்: மேற்காசியாவைப் படிக்க வருபவர்கள் பலர் அரபியை அலிஃபிலிருந்து தொடங்குகிறார்கள். உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. கிதாபு அரபியோடு இன்றைய செய்தி அரபியையும் பழகிக்கொள்ளுங்கள். ஆலிம் ஸனது மட்டும் வைத்திருப்போர், அதைப் பட்டத்துக்கு இணையாக அந்தப் பல்கலைக்கழகம் ஏற்கிறதா என்று முதலில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தந்தையிடம் நாம் இதையே சொன்னோம். "மகளைத் தடுக்க வேண்டாம். ஆனால் சேரும் நாளிலேயே நெட் தேர்வா, சிவில் சர்வீஸா என்று முடிவெடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கூடவே உங்கள் வாப்பா ரங்கூனைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அவளிடம் சொல்லுங்கள். அவள் எழுதப் போகும் ஆய்வுக்கே அது உதவலாம்" என்றோம். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "வாப்பாவோட பழைய பாஸ்போர்ட் இன்னும் வீட்லதான் இருக்கு ஹஜ்ரத்" என்றார்.

அப்படி ஒரு பாஸ்போர்ட் உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கலாம். அதை உங்கள் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.