மணிமேகலை காட்டும் துன்ப நீக்கம்



அம்பத்தூரில் உள்ள ஒரு சிறிய படிப்பகத்தில் சில வாரங்களுக்கு முன் புத்தர் பெருமானைப் பற்றிப் பேசினேன். துன்பம், துன்பத்தின் காரணம், துன்ப நீக்கம், நீக்கும் நெறி என்னும் நான்கு வாய்மைகளையும் இயன்றவரை விளக்கினேன்; ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று கூறி அமர்ந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுந்தார். "ஐயா, என் தந்தையார் வேலை செய்த பட்டறையை மூடிவிட்டார்கள். வீட்டில் நாங்கள் ஐவர். வேலை வேண்டும் என்று அவர் நாள்தோறும் அலைகிறார். அந்த ஆசைதான் எங்கள் துன்பத்துக்குக் காரணமா?" என்று வினவினார். அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. அதைத் திருத்திக்கொள்ளும் பொருட்டே இன்று பேசுகிறேன்.

விடையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பூந்தமல்லியிலிருந்து மேற்கே செல்லும் சாலை காஞ்சிபுரத்துக்கு வழிகாட்டுகிறது. அவ்வழியில் சற்றுத் தொலைவிலேயே திருமழிசை இருக்கிறது. அவ்வூரில் தோன்றிய ஆழ்வார், திருமாலுக்கு ஆட்படுமுன் சமணம், பௌத்தம் முதலிய சமயங்களைக் கற்று ஆராய்ந்தார் என்பது வைணவ மரபு. பௌத்தத்தையும் கற்றறிந்த பின்னரே ஒருவர் தம் நெறியைத் தேர்ந்தார் என்று ஒரு மரபு சொல்லுமானால், அக்காலத்தில் அச்சமயத்துக்கு இந்நாட்டில் இருந்த மதிப்பை நாம் உணரலாம். 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் 100க்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் ஏறத்தாழ 10,000 பிக்குகளும் இருந்ததாகக் குறித்துள்ளார்.

அந்தக் காஞ்சியில்தான் மணிமேகலைக் காப்பியம் நிறைவெய்துகிறது. அதன் இறுதிப் பகுதியில் நிகழ்ச்சிகள் அமைந்துள்ள வரிசையைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். மழை பொய்த்துக் காஞ்சி நகரம் பசியால் வாடுகிறது. மணிமேகலை அமுதசுரபி என்னும் பாத்திரத்துடன் அங்கே செல்கிறாள். எம்மொழி பேசுவோராயினும், கண்ணிலார், செவியிலார், முடவர் யாராயினும், அனைவரையும் அழைத்து உணவளிக்கிறாள். இது 28ஆம் காதை. அறவண அடிகள் அவளுக்கு அறம் உரைப்பது அதன் பின்னரே. தருக்க நெறி 29ஆம் காதையிலும், துன்பத்தின் தோற்றமும் நீக்கமும் 30ஆம் காதையிலும் வருகின்றன. முதலில் சோறு, பிறகே தத்துவம். இதற்கு முன்பே, புகார் நகரில், அவள் அரசனை வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியதையும் நீங்கள் பாடநூலில் படித்திருக்கலாம்.

புத்தர் பெருமானின் வாழ்க்கையும் இதற்கு முரணானதன்று. உடலை வருத்தி, உண்ணாமல் கிடந்து தவம் செய்தார். பயனில்லை எனக் கண்டார். சுசாதை அளித்த பாற்சோற்றை உண்டார். போதி மரத்தடியில் மெய்யறிவு பெற்றது அதற்குப் பின்னர்தான்.

அப்படியாயின் துன்பத்துக்குக் காரணம் எது? அறவண அடிகள் பன்னிரண்டு சார்புகளைக் கூறுகிறார். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்பன அவை. வடசொற்களைப் பெரிதும் தவிர்த்து இத்துணை நுட்பமான கருத்தைத் தமிழிலேயே அமைத்த சாத்தனாரின் திறம் தனியே ஒரு பேச்சுக்கு உரியது. நாம் வேட்கையை மட்டும் பார்ப்போம். அது எட்டாவது கண்ணி; முதற்கண்ணி பேதைமை. பசிக்கும் வயிறு உணவை நாடுவது வேட்கையன்று. கிடைத்த பின்னும் அடங்காது, மேலும் மேலும் பற்றிக்கொள்ளத் தவிக்கும் தாகமே வேட்கை. இவ்விரண்டையும் "ஆசை" என்ற ஒரே சொல்லுள் அடக்கியதுதான் அன்று நான் செய்த பிழை. வேலை தேடும் தந்தை எண்வகை நெறியில் ஒன்றாகிய நல்வாழ்க்கையையே நாடுகிறார். பிறருக்குத் தீங்கிழைக்காத தொழிலால் வாழ்வதே அது. ஆயுத வாணிகம் அந்நெறிக்கு ஆகாது என்பது பௌத்த நூல்களின் கொள்கை. டாங்கிகள் செய்யும் ஆவடிக்கு அருகே நின்று இதைச் சொல்லும்போது எனக்குச் சிறிது தயக்கம் உண்டாகத்தான் செய்கிறது.

சார்புகளின் உயிர்நாடி வேறொன்று. ஒன்று இருப்பதனால் மற்றொன்று தோன்றுகிறது. அது நீங்கினால் இதுவும் நீங்கும். ஆகவே துன்பம் தலையெழுத்தன்று. காரணமுடையது, மாற்றக் கூடியது. தமிழ்நாட்டில் இக்கருத்தைச் சமுதாயத்தின் மீது திருப்பிக் காட்டியவர் அயோத்திதாச பண்டிதர். சாதியால் விளைந்த இழிவு இயற்கையன்று, மனிதர் ஆக்கியது என்று அவர் கண்டார். 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் தமிழன் இதழைத் தொடங்கினார்.

அதே 1898இல்தான் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சிட்டு வெளியிட்டார். ஏட்டில் இருந்த பௌத்தச் சொற்கள் அவருக்கு முதலில் விளங்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உடனிருந்த ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொல்ல, ஐயரவர்கள் சிறிது சிறிதாகத் தெளிந்தார். ஒரு சைவரும் ஒரு வைணவரும் அமர்ந்து, தமிழகம் மறந்துவிட்ட ஒரு சமயத்தின் சொற்களை மீட்டனர். எண்ணுந்தோறும் எனக்கு வியப்புத் தரும் காட்சி அது.

சென்ற வாரம் அந்த மாணவரை மீண்டும் சந்தித்தேன். மேற்கூறியவற்றைச் சொன்னேன். அவர் தலையசைத்தார், முழுதும் உடன்பட்டாரா என்பது தெரியவில்லை. தந்தையாருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லையாம். மணிமேகலையில் எந்தக் காதையை முதலில் படிக்கலாம் என்று கேட்டார். 28ஆம் காதையைப் படியுங்கள் என்று சொல்லி, என்னிடமிருந்த பிரதியைக் கொடுத்தனுப்பினேன்.