ரயில் நின்ற இடமே துறை: தமிழக – இலங்கைக் கப்பல் போக்குவரத்தும் திண்டுக்கல் சமவெளியும்

முன்னுரை

திண்டுக்கல் – திருச்சி ரயில் பாதையில், தாமரைப்பாடிக்கும் அய்யலூருக்கும் இடையே உள்ளது வடமதுரை. எந்தக் கடற்கரைக்குப் போவதென்றாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டிய மானாவாரிச் சமவெளி அது. ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளிலும் சென்னையிலிருந்து இலங்கைக்குச் சென்ற கப்பல் பயணிகள் இந்தப் பாதை வழியாகத்தான் துறைமுகத்தை அடைந்தார்கள்.

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையிலான பயணிகள் கப்பலைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் தனுஷ்கோடியிலிருந்தும் 1964ஆம் ஆண்டுப் புயலிலிருந்தும் தொடங்குகிறார்கள். கடலை மட்டும் பார்த்தால் துறை ஏன் தூத்துக்குடியிலிருந்து தனுஷ்கோடிக்கும், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கும் இடம் மாறியது என்பது விளங்காது. ஒவ்வொரு காலகட்டத்திலும் துறையின் இடத்தைத் தண்டவாளம் தீர்மானித்தது; அதில் ஏறும் கூட்டத்தை உள்நாட்டின் வறட்சியும் இரு நாட்டுச் சட்டங்களும் தீர்மானித்தன. இக்கட்டுரை இந்தக் கருத்தைக் காலவரிசையில் ஆராய்கிறது.

ரயிலுக்கு முந்திய துறை

ராமேஸ்வரம் தீவை நிலப்பரப்பிலிருந்து பிரிக்கும் பாம்பன் கால்வாயைத் தோணியில் கடப்பது பல நூற்றாண்டுப் பழக்கம். சேதுவின் காவலர் என்று தம்மை அழைத்துக்கொண்ட ராமநாதபுரம் சேதுபதிகள், யாத்திரிகர் செல்லும் வழி நெடுகச் சத்திரங்கள் அமைத்தார்கள். கடற்பாதை அவர்கள் ஆட்சிக்குள் இருந்தது. மண்டபத்தை அடுத்துள்ள தோணித்துறை என்ற ஊர்ப்பெயர் அந்தக் காலத்தின் மிச்சம்.

இப்போக்குவரத்து காற்றுக்குக் கட்டுப்பட்டது. வாடைக்காற்றின் மாதங்களில் வடக்கே பாக் நீரிணை கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்றின் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். பயண நாளை நாட்காட்டி பார்த்துக் குறிக்க இயலாது. காற்றுப் பார்த்துத்தான் தோணி புறப்படும்.

1820களில் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் தொடங்கியபோது இத்துறைக்கு வேறொரு கூட்டம் வந்தது. கங்காணிகள் திரட்டிய தொழிலாளர்கள் ராமநாதபுரம் கரைக்கு நடந்து வந்து, தோணியில் மன்னாரை அடைந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு மீண்டும் நடந்தார்கள். அவ்வழியில் காலராவுக்கும் பசிக்கும் இறந்தவர்கள் ஏராளம். காப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பெரும்பாலும் அறுவடைக் காலத்தில் மட்டுமே. ஆகவே இப்பயணம் போவதும் திரும்புவதுமாக இருந்தது.

தூத்துக்குடிக் காலம்: 1875 – 1914

தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1875இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு மீட்டர் பாதை அமைத்தது. 1876இன் தொடக்கத்தில் அது தூத்துக்குடியை எட்டியது. சென்னையில் ஏறியவர் விழுப்புரம், மாயவரம், தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், மதுரை என்று தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல் ஏறினார். கப்பலுக்கு ஆள் சேர்த்த இந்த ரயில் 'போட் மெயில்' ஆயிற்று.

தூத்துக்குடி அப்போது ஆழமற்ற துறைமுகம். பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிட, பயணிகளும் சரக்கும் சிறு படகுகளில் சென்று ஏற வேண்டும். கடல்வழியும் பாம்பனைவிட மிக நீண்டது. இத்தனை இடைஞ்சல்கள் இருந்தும் தூத்துக்குடி முதன்மை பெற்றதற்குக் காரணம் ஒன்றே: ரயில் அங்கே போயிற்று; பாம்பனுக்குப் போகவில்லை.

இதற்கு 1897 ஒரு நல்ல சான்று. மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர் அவ்வாண்டு ஜனவரி 26 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து பாம்பனுக்கு வந்து இறங்கினார். பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றார். ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று ரயில் இல்லாத வழியில் வந்து மதுரையை அடைந்த பிறகே அவரால் ரயில் ஏற முடிந்தது. மதுரையிலிருந்து கும்பகோணம் சென்ற அந்த ரயில் பயணம் திண்டுக்கல் பாதை வழியாக நடந்தது.

ரயில் வந்த மறு ஆண்டே சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது (1876–78). கிணற்றையும் மழையையும் நம்பிய திண்டுக்கல் சமவெளி அன்று மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. திருச்சி, தஞ்சை, சேலம் மாவட்டங்களுடன் மதுரை மாவட்டமும் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய நிலப்பகுதியாயிற்று. அதே காலத்தில் இலங்கையில் இலைநோய் காப்பியை அழித்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். தனியாகப் போய்த் திரும்பிய ஆண்களின் இடத்தில் குடும்பம் குடும்பமாகப் போய்த் தங்குவோர் பெருகினார்கள். பஞ்சம், ரயில், தேயிலை ஆகிய மூன்றும் ஒரே பத்தாண்டுக்குள் சேர்ந்ததுதான் கப்பல் போக்குவரத்தின் அளவை மாற்றியது.

ஆள்சேர்ப்பும் நிறுவனமயமாயிற்று. இலங்கைத் தோட்ட முதலாளிகளின் ஆள்சேர்ப்பு அமைப்பு 1904இல் திருச்சியில் தலைமையிடம் அமைத்துக்கொண்டது. துறைமுகத்தை விட்டு உள்நாட்டு ரயில் சந்திப்பைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாகாது. ஆள் இருந்த இடம் அதுதான். தூத்துக்குடி வழி சென்ற தொழிலாளர்கள் தட்டப்பாறை முகாமில் தொற்றுநோய்த் தடுப்புக்காக நிறுத்தப்பட்ட பிறகே கப்பல் ஏறினார்கள்.

இத்தடத்தின் லாபம் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. அதை எதிர்த்து வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்தன. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் கடுமையாகக் குறைத்துப் போட்டியிட்டது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. சுதேசி இயக்க வரலாற்றில் இது அரசியல் நிகழ்வாகவே பேசப்படுகிறது. தூத்துக்குடி – கொழும்புத் தடம் போட் மெயில் கொண்டுவந்து சேர்த்த பயணிகளால் அன்று எவ்வளவு கொழித்தது என்பதற்கும் அதுவே சான்று.

இரண்டு தண்டவாளம், நடுவே படகு: 1902 – 1914

மதுரையிலிருந்து மண்டபத்துக்கு 1902இல் ரயில் பாதை திறக்கப்பட்டது. 1906இல் கால்வாய்க்கு அப்பால் பாம்பன் – ராமேஸ்வரம் பாதை வந்தது. நிலத்திலும் தீவிலும் ரயில் ஓட, நடுவே பயணி படகில் கடக்க வேண்டியிருந்தது.

தண்டவாளத்தை இலங்கைக்கே கொண்டுபோகும் எண்ணமும் இருந்தது. ஆதாம் பாலத்தின் மணல்திட்டுகள் மீது பாலம் கட்டித் தலைமன்னாரை இணைக்கும் திட்டம் செலவைக் கருதிக் கைவிடப்பட்டது. இலங்கையின் பாதை ஐந்தரை அடி அகலம். தென்னிந்திய ரயில்வேயின் பாதை மீட்டர் அகலம். பாலம் வந்திருந்தாலும் ஒரே ரயில் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போயிருக்க முடியாது. இறுதியில், பாம்பனுக்குப் பாலம், அதற்கு அப்பால் கப்பல் என்று முடிவாயிற்று.

தனுஷ்கோடிக் காலம்: 1914 – 1964

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. கப்பல்களுக்கு வழிவிட இரு கதவுகளாகத் தூக்கித் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதி அதன் நடுவே அமைந்தது. இலங்கையிலும் அதே ஆண்டு மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் பாதை வந்தது. இரு பாதைகளின் முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ 22 மைல் கடல் எஞ்சியது. அதற்கென ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற மூன்று நீராவிக் கப்பல்களைத் தென்னிந்திய ரயில்வே இயக்கியது. பின்னாளில் இர்வினும் கோஷனும் வந்தன. சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வரை போகலாம்.

ரயில்வேயே கப்பலின் உரிமையாளராக இருந்ததால், தோணித் தண்டலின் கண்ணும் காற்றும் குறித்த நேரத்தை இனி ரயில்வே கால அட்டவணை குறித்தது. ஆனால் எல்லாப் பயணிகளுக்கும் ஒரே வேகம் கிடைக்கவில்லை. மேல் வகுப்புப் பயணி ரயிலிலிருந்து இறங்கிக் கப்பலுக்குப் போனார். தோட்டத் தொழிலாளரோ இலங்கை அரசு நடத்திய மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்தப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்து, அடையாளத்துக்கான தகர வில்லையுடன் அனுப்பப்பட்டார். அவருக்கான பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் கடனாக ஏறியது.

தீவுக்குள்ளேயே வேறொரு படகுத் தொழிலும் நடந்தது. அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களைப் படகில் ஏற்றிச் சென்றவர். அப்படகு ஒரு புயலில் அழிந்ததைக் கலாம் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ரயிலும் கப்பலும் எட்டாத சிறு இடைவெளிகளில் தோணி தொடர்ந்து பிழைத்தது.

1914க்குப் பிறகும் போட் மெயில் திண்டுக்கல், மதுரை வழியாகவே தனுஷ்கோடிக்குப் போயிற்று. திருச்சி – புதுக்கோட்டைப் பாதை 1929இலும், புதுக்கோட்டை – மானாமதுரைப் பாதை 1930இலும் திறக்கப்பட்ட பின், சுருக்கமான அவ்வழிக்கு அது மாறியது. வடமதுரை, திண்டுக்கல் நிலையங்களைக் கடந்து சென்ற கப்பல் பயணம் அத்துடன் முடிந்தது. திண்டுக்கல்லுக்கும் இலங்கைக்கும் இடையிலான உறவு முடியவில்லை.

சட்டமும் புயலும்

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் கடலில் மூழ்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்திரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் பாலம் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது; தனுஷ்கோடிக்கான பாதை மீளவே இல்லை.

கப்பல் போக்குவரத்தின் சரிவை இப்புயலின் கணக்கில் எழுதுவது வழக்கம். ஆனால் சரிவு கால் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தோட்டங்களில் குடியேறியிருந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தொடர்ந்து கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் கட்டாயமாயின. நூறாண்டுக்கும் மேலாக ஒரே உழைப்புச் சந்தையாக இருந்த இரு கரைகள் இரு நாடுகளாயின. புயல் அடித்தபோது கப்பல் முன்பே பெருங்கூட்டத்தை இழந்திருந்தது.

திரும்பும் கப்பல்: 1964 – 1984

புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தப் பேரத்தில் அம்மக்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

துறை தனுஷ்கோடியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நகர்ந்தது. ரயில் இப்போது அங்கேதான் நின்றது. தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் முதலிய கப்பல்களில் தாயகம் திரும்பியோர் வந்திறங்கினர். அவர்களின் முன்னோர் புறப்பட்ட அதே மண்டபம் முகாமே வரவேற்பு முகாமாயிற்று. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும், கூட்டுறவு நூற்பாலைகளிலும் வேலை தரப்பட்டது. தாயகம் திரும்பியோருக்கென ரெப்கோ வங்கி 1969இல் தொடங்கப்பட்டது. கொடைக்கானல் மலையிலும் பல குடும்பங்கள் குடியேறின.

1983 ஜூலை இனவன்முறைக்குப் பின், 1984இல், ராமேஸ்வரம் – தலைமன்னார்க் கப்பல் நின்றது. நான்காண்டுகள் கழித்து, 1988 அக்டோபர் 2 அன்று, பாம்பனில் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. தீவுக்கும் நிலத்துக்கும் இடையே படகின் தேவை தீர்ந்தது. இரு நாடுகளுக்கு இடையே தேவை இருந்தும் கப்பல் இருக்கவில்லை.

கப்பல் இல்லாத கடல்

அந்த வெற்றிடத்தை மீன்பிடிப் படகுகள் நிரப்பின. இலங்கையின் உள்நாட்டுப் போருக்குத் தப்பியவர்கள் இரவில் பாக் நீரிணையைக் கடந்து மண்டபம் முகாமை அடைந்தார்கள். அங்கிருந்து தமிழகம் முழுவதும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்கள் அப்படி உருவானவை. அம்மூன்று முகாம்களின் குடும்பங்களுக்குத் தோட்டனூத்தில் தமிழக அரசு கட்டிய 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன.

போர் முடிந்தபின் கப்பலை மீட்க முயற்சிகள் நடந்தன. 2011 ஜூனில் தூத்துக்குடி – கொழும்புத் தடத்தில் தொடங்கிய ஸ்கோட்டியா பிரின்ஸ் அவ்வாண்டு நவம்பரில் நின்றது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம் – காங்கேசன்துறைத் தடம் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. தலைமன்னாருக்கு ரயில் பாதை 2015இல் மீண்டது. பாம்பனில் செங்குத்தாக உயரும் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. ராமேஸ்வரம், தலைமன்னார் ஆகிய இரு கரையிலும் தண்டவாளம் இருக்கிறது; அவற்றுக்கு நடுவிலுள்ள கடலில் பயணிகள் கப்பல் இல்லை.

முடிவுரை

இந்த ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, துறையின் இடத்தை ஒவ்வொரு முறையும் ரயில் முனையே தீர்மானித்தது. இரண்டு, கப்பலை வாழவைத்தது உள்நாட்டு வறுமையிலிருந்து புறப்பட்ட உழைப்பாளர் கூட்டம். மூன்று, போக்குவரத்தைக் குலைத்ததில் புயலைவிட 1939, 1948 ஆகிய ஆண்டுகளின் அரசாணைகளுக்கும் சட்டங்களுக்கும், பின் போருக்குமே பெரும் பங்கு.

2011இலும் 2023இலும் தொடங்கிய சேவைகள் நிலைக்காமல் தடுமாறியதை இப்பின்னணியில் பார்க்க வேண்டும். பழைய கப்பல்களுக்குப் பின்னால் ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வரை இணைத்த ரயில் இருந்தது. புதியவற்றுக்கு அது இல்லை. ராமேஸ்வரம் – தலைமன்னார்த் தடத்தை மீட்க நினைப்பவர்கள் இறங்குதுறை கட்டுவதோடு நிறுத்தாமல், இருபுற ரயில்களோடு இணைந்த கால அட்டவணையையும், ஏழைப் பயணிக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தையும், எளிய நுழைவு அனுமதியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். இவை இல்லாமல் தொடங்கும் எந்தக் கப்பலும் நீண்ட நாள் ஓடாது.