துவக்கும் ஆண்டுக் கணக்கும்



மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என வழங்குவர். ஞாயிறு படுகின்ற திசையில் அமைந்த கரை ஆதலின் அப்பெயர் பெற்றது. அக்கரையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வோமாயின், வயல்வெளிகளும் சிறு குடியிருப்புகளும் கடந்து காடு கண்ணிற்படத் தொடங்குமிடத்தில் உன்னிச்சைக் குளம் தோன்றும். அக்குளத்து நீரை நம்பி வாழும் வட்டைகளில் ஆண்டு முழுவதும் ஒரு கணக்குண்டு. மாரிப்போகம், சிறுபோகம் என்னும் இரண்டிற்கும் முன்னர் உழவர் கூடுவர். வாய்க்கால் எந்நாளில் துப்புரவாக வேண்டும், நீர் எந்நாளில் திறக்கப்படும், விதைப்பு எந்நாளோடு முடிய வேண்டும், வேலி எந்நாளுக்குள் அடைக்கப்பட வேண்டும், மாடுகள் எந்நாளில் அப்புறப்படுத்தப்பட வேண்டும் என்பனவெல்லாம் அங்கே தீர்மானமாகும். வட்டவிதானை கேட்பார், போடியாரும் முல்லைக்காரரும் மறுமொழி சொல்வர்.

இவ்வளவு நுணுக்கமாக ஆண்டை வகுத்த அம்மக்களின் காவற்பரணிலே, மூலையில் ஒரு துவக்கும் சார்த்தப்பட்டிருந்தது. பன்றிக்கும் யானைக்கும் அஞ்சி வைத்தது அது. அத்துவக்கைப் பயில்வதற்கு மட்டும் எந்த நாளும் எக்கூட்டத்திலும் குறிக்கப்படவில்லை. துவக்குப் பயிற்சியை ஓராண்டுக்குத் திட்டமிடும் வழக்கம் உலகில் எவ்வாறு உண்டாயிற்று, அவ்வழக்கம் பரணை வந்தடையாமற் போனது ஏன் என்பவற்றையே இன்று எண்ணிப் பார்க்க விழைகின்றேன்.

சொல்லைப் பற்றி முதலில் ஒன்று. தமிழ்நாட்டார் துப்பாக்கி என்பதனை நாம் துவக்கு என்கிறோம். இரண்டும் ஒரே துருக்கிச் சொல்லின் இரு வடிவங்கள். சிங்களத்தில் வழங்கும் துவக்குவ என்பதும் அவ்வினத்ததே. கருவி எவ்வழியாக வந்ததோ அவ்வழியே பெயரும் வந்தது.

போர்த்துக்கேயர் 1628இல் வாவியிலுள்ள புளியந்தீவிலே கோட்டை கட்டினர். அதற்கு முன்னரே, 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில், ஒல்லாந்தக் கடலோடியாகிய ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்திறங்கினார். பின்னர் 1638 மே 18ஆம் நாள், வெஸ்டர்வோல்ட் என்னும் ஒல்லாந்தத் தளபதி, கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் படைகளோடு சேர்ந்து அக்கோட்டையைக் கைப்பற்றினார். இரு வருகைகளும் மே மாதத்திலேயே அமைந்தமையைக் கவனியுங்கள். கப்பலுக்கு வேண்டிய காற்று அதற்குத் தலையாய காரணம். ஆயின் துவக்கும் வறட்சியையே விரும்பிற்று. அக்காலத் துவக்கு, கனன்றுகொண்டேயிருக்கும் ஒரு திரியினால் மருந்தைப் பற்றவைப்பது. ஐப்பசி தொடங்கித் தை வரை வாவியைச் சூழ்ந்து கொட்டும் மாரியிலே திரி அணையும், மருந்து நமத்துவிடும். எனவே நம் கீழ்க்கரையில் துவக்குக்கு ஓர் ஆண்டுக் கணக்கை முதன்முதல் வகுத்தது வாடைக்காற்றே எனலாம். (1638இல் கோட்டையை வீழ்த்தியது பீரங்கியே என்பதையும் மறைப்பதற்கில்லை. கைத்துவக்கால் கருங்கல் பெயராது.)

அவ்வொல்லாந்தர் தம் நாட்டில் அதற்கு ஒரு தலைமுறை முன்பே வேறொரு கணக்கைக் கண்டிருந்தனர். நசோ குடியினரான மொரிஸ் இளவரசரும் அவர் உறவினர் வில்லெம் லோடெவெய்க்கும் பழைய உரோமர் போர்நூல்களைப் படித்து, துவக்குக்காரர் வரிசை வரிசையாகச் சுட்டுப் பின்சென்று மருந்திட்டு மீளும் முறையை 1594இல் ஆராய்ந்தனர். அம்முறை நடைபெற வேண்டுமாயின் ஒவ்வொருவன் கையும் ஒரே நேரத்தில் ஒரே செயலைச் செய்ய வேண்டும். அதற்கெனவே யாக்கோப் டி கெய்ன் என்னும் ஓவியர் 1607இல் ஒரு படநூல் வெளியிட்டார். பெருந்துவக்குக்கு மட்டும் அதில் 43 படங்கள். துவக்கைத் தோளிலிருந்து இறக்குவது, திரியை விரலிடையே பிடிப்பது, திரியின் கனலை ஊதுவது, மருந்தை அளந்து இடுவது, சலாகையால் இடிப்பது என ஒவ்வொன்றும் தனித்தனியே வரையப்பட்டன. சுடுதல் என்பது அவற்றுள் ஒரு நிலை மாத்திரமே. எஞ்சியவையெல்லாம் சுடாதிருக்கும்போது கைகள் செய்ய வேண்டியவை. இந்த ஓர் உண்மையைக் கைப்பற்றிக்கொண்டால், பின்வந்த முந்நூறு ஆண்டுப் பயிற்சி வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

கண்டி நாட்டு முறை இதனின் வேறுபட்டது. இலங்கைக் கொல்லர் துவக்கு செய்வதில் பேர்பெற்றவர். வெள்ளியும் தந்தமும் இழைத்த அவர்தம் துவக்குகள் இன்று ஐரோப்பிய அரும்பொருட்சாலைகளில் இருக்கின்றன. அங்கே போர்வீரன் ஊதியம் பெறுபவனல்லன். சேவைக்கென நிலம் பெற்ற உழவன். முறை வந்தபோது தன் உணவைத் தானே சுமந்து காவலுக்குச் செல்வான். முறை முடிந்ததும் வயலுக்கு மீள்வான். காட்டையும் கணவாயையும் அறிந்த அவனுக்கு வரிசைப் பயிற்சி தேவைப்படவுமில்லை. தந்தையிடம் மைந்தன் கண்டு பழகியதே பயிற்சி. அது மட்டமான முறை என்று எவரும் எண்ணற்க. 1638 மார்ச்சு 28ஆம் நாள் கன்னொறுவையில் போர்த்துக்கேயத் தளபதி தியோகு த மெல்லோவின் படையை அழித்தவர் இத்தகைய உழவரே.

பயிற்சிக்கென ஓராண்டை முழுமையாக வகுத்தவர் ஆங்கிலேயர். 1853இல் ஹைத் என்னுமிடத்தில் துவக்குப் பயிற்சிப் பள்ளியொன்றை நிறுவினர். ஆயினும் அவர்களைத் திடுக்குறச் செய்தது 1899இல் மூண்ட போவர் போர். அவ்வாண்டு டிசம்பரில், ஒரே கிழமைக்குள், தென்னாபிரிக்காவில் மூன்று களங்களில் அவர்கள் தோற்றனர். தோற்கடித்தவர் யார்? பண்ணைகளில் மாடு மேய்த்தவர். மான் வேட்டையில் குறிபார்க்கப் பழகியவர். வேட்டை விலங்கு அருகியபின் போவர் இளைஞரின் குறி தளர்ந்துவிட்டது என்று கூறுவாரும் உண்டு. அவ்வாறு தளர்ந்த குறியே ஒரு பேரரசை அலைக்கழிக்கப் போதுமானதாயிற்று.

இவ்விடத்தில் இலங்கை அவ்வரலாற்றினுள் நுழைகின்றது. 1900இல் இங்கிருந்து தோட்டத்துரைமாரும் பிறரும் சேர்ந்த ஒரு குதிரைப்படைப் பிரிவு தென்னாபிரிக்காவுக்குச் சென்றது. அதே ஆண்டில் அங்கிருந்து சிறைப்பட்ட போவர்கள் கப்பலேற்றி இங்கு கொண்டுவரப்பட்டு, ஊவா மலைச்சாரலிலுள்ள தியத்தலாவையில் அடைக்கப்பட்டனர். ஏறத்தாழ ஐயாயிரவர் அங்கிருந்தனர். பின்னாளில் அதே தியத்தலாவையே இலங்கைத் தொண்டர் படைகள் ஆண்டுக்கொருமுறை பாசறையமைத்துச் சுட்டுப் பழகும் இடமாயிற்று. 1949 அக்டோபர் 10இல் இலங்கைத் தரைப்படை நிறுவப்பட்டபின், அதன் பயிற்சி நிலையமும் அவ்விடத்திலேயே அமைந்தது. குறிபார்த்தலின் அருமையை ஆங்கிலேயருக்குக் கற்பித்த கைதிகள் முள்வேலிக்குள் நடந்த நிலத்திலேயே நம் இளைஞர் குறிபார்க்கக் கற்றனர்.

அப்போரின்பின் ஆங்கிலப்படை வகுத்த ஓராண்டுத் திட்டத்தைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். குளிர்காலம் தனியாள் பயிற்சிக்குரியது. இலக்கை நோக்கும் முறை, கிடந்தும் முழந்தாளிட்டும் நின்றும் துவக்கை ஏந்தும் நிலை, மூச்சை அடக்கி விசையை மெல்ல அழுத்தும் பழக்கம் என்பன தோட்டா இல்லாமலே நாள்தோறும் பயிலப்பட்டன. அடுத்துச் சிறு தோட்டாக்களால் குறுகிய தூரத்திற் பயில்வர். வெயிற்காலத்திலே சுடுகளம். முதலில் நேரக் கட்டுப்பாடின்றி நிதானமாக, பின்னர் விரைவாக, இறுதியில் தேர்வாக. பெறும் புள்ளிக்கேற்ப ஒவ்வொருவனும் தரம் பிரிக்கப்பட்டான். அவன் கூலியில் ஒரு பகுதியும் அத்தரத்தைச் சார்ந்திருந்தது. இலையுதிர் காலத்தில் பெரும்படை ஒத்திகை. ஒரு நிமிடத்தில் 300 யார் தொலைவிலுள்ள இலக்கில் 15 சன்னங்களைச் செலுத்துவது தேர்ச்சியின் ஓர் அளவுகோல். 1914இல் மொன்சு நகரருகே இவ்விரைவைக் கண்ட செருமானியர், எதிரில் இயந்திரத் துவக்குகள் பல உளவென மயங்கினர் என்னும் கதை அடிக்கடி சொல்லப்படுகின்றது. வெற்றிபெற்றவர் தம்மைப் பற்றிச் சொல்லும் கதைகளில் பாதியைத் தள்ளிக் கேட்பது நன்று.

இத்திட்டத்திற் படைவீரன் ஒருவனுக்கு ஓராண்டு முழுவதற்கும் ஒதுக்கப்பட்ட தோட்டாக்கள் ஏறத்தாழ 250 மாத்திரமே. கிழமைக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடுகளத்தில் சில நாட்களிலேயே அவற்றிற் பெரும்பங்கு செலவாகிவிடும். அங்ஙனமாயின் ஆண்டின் எஞ்சிய நாட்களில் நடந்தது யாது? டி கெய்ன் வரைந்த அந்த நாற்பத்திரண்டு நிலைகளே வேறுருவில் நடந்தன. வெற்றுத் துவக்கை ஏந்துதல், இறக்குதல், வெற்றுத்தானா என ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்தல், வாய் எவரையும் நோக்காவண்ணம் பிடித்தல், துடைத்தல், எண்ணெயிடல். திட்டம் என்பது பெரும்பாலும் வெடியில்லாத நாட்களுக்கே தேவைப்பட்டது. வெடிக்கும் நாளுக்குத் திட்டம் வேண்டியதில்லை. அதற்கு எவனும் அழையாமலே வருவான்.

இனி நமது பரணுக்கு மீள்வோம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலக் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் துவக்கு வைத்திருப்போரை ஒழுங்குக்குட்படுத்திற்று. அதன்படி அனுமதிப்பத்திரம் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். மட்டக்களப்புக் கச்சேரி நெடுங்காலம் இயங்கியது புளியந்தீவுக் கோட்டையினுள்ளே. வெஸ்டர்வோல்ட் கைப்பற்றிய கோட்டை நின்ற அதே தீவிலே படுவான்கரை உழவன் தன் பத்திரத்தோடு நின்றான். அவனிடம் துவக்கு உண்டா, இலக்கம் சரியா, கட்டணம் உண்டா என்று கேட்கப்பட்டது. அதை எவ்வாறு ஏந்துவான் என்று கேட்க அலுவலருக்கு நேரமுமில்லை. கேட்கும்படி எவரும் பணிக்கவுமில்லை. ஆக, படைவீரனுக்கும் உழவனுக்கும் துவக்கின் பொருட்டு ஆண்டுக்கணக்கொன்று இருந்தது. ஒருவனுக்கு அது பயிற்சியின் கணக்கு, மற்றவனுக்குத் தாளின் கணக்கு.

அவன் கையிலிருந்த கருவியோ படைவீரனுடையதினும் கடினமானது. இடியன் துவக்கு என்று நம்மவர் கூறும் அது, வாய்வழியே மருந்தும் தும்பும் சன்னமும் இட்டு இடிக்கப்படுவது. மருந்து மிகுந்தால் குழல் பிளக்கும். குறைந்தால் சன்னம் பன்றியின் தோலோடு நிற்கும். கதிர் முற்றும் தை மாசியிலே, பனியீரத்தில், நள்ளிரவில், பந்த வெளிச்சத்தில், அரைத்தூக்கத்தோடு இதனைச் செய்ய வேண்டும். மருந்தும் ஈயமும் விலைப்பொருள்களாதலின் பழகுவதற்கென ஒரு வெடியும் அவன் செலவிடான். அவன் முதல் வெடியே அவனது தேர்வும் ஆயிற்று. குறி தவறின் காயமுற்ற விலங்கு காட்டுக்குள் ஓடும். சீழ்பிடித்த காயத்தோடு திரியும் யானை வெறியுற்று மீண்டு வரும்போது, அது சுட்டவனைத் தேடி வருவதில்லை. வழியில் எதிர்ப்பட்டவரை வதைக்கும். கட்டுத்துவக்கோ இன்னும் கொடிது. ஆளில்லாமலே வெடிக்கும் அதற்கு மனிதன், மாடு, பன்றி என்னும் வேறுபாடு தெரியாது.

1983 தொடங்கி 2009 வரை நீடித்த போர், இப்பகுதியில் துவக்கு என்னும் சொல்லின் பொருளையே மாற்றிவிட்டது. பயிர்க்காவலுக்கென்று அதனை நினைப்பாரும் அருகினர். ஆயின் யானையும் பன்றியும் போரறியா. போர் ஓய்ந்து மக்கள் வயலுக்கு மீண்டபோது அவையும் வேலியோரத்தில் நின்றன. மின்வேலியும் யானை வெடியும் இப்போது முன்னிற்கின்றன. எனினும் 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் நானூறுக்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். யானைகளின் சாவுக்குத் துவக்குச் சூடும் முதன்மையான காரணங்களுள் ஒன்று. அவற்றுட் பல உடனே விழுந்தவையல்ல. புண்ணோடு நாட்கணக்கில் நடந்து விழுந்தவை.

உரிய அனுமதியோடு துவக்கு வைத்திருக்கும் உழவனுக்கு ஓராண்டுத் திட்டம் வகுக்க வேண்டுமாயின் அதற்குத் தியத்தலாவை வேண்டியதில்லை. மாரிப்போக அறுவடை முடிந்த பங்குனியில் குழலைக் கழற்றித் துடைத்துப் பிளவு உண்டா என்று கம்மியனிடம் காட்டலாம். சிறுபோகம் வளரும் வைகாசி, ஆனியில் வெற்றுத் துவக்கால் ஏந்தவும் இறக்கவும், பரணில் ஏறுமுன் மருந்தகற்றவும் பழகலாம். ஆவணியில் வெட்டிய வயல் வெறிதாய்க் கிடக்கும்போது, அதிகாரிகளின் இசைவோடும் மேற்பார்வையோடும், உயர்ந்த மண்மேட்டைப் பின்னணியாக வைத்து ஓரிரு தோட்டாக்கள் செலவிடலாம். எதனைச் சுடலாகாது என்பதை, யானை முதலாக, அன்றே சொல்லிக்கொடுக்கலாம். புரட்டாதியில் விதைப்புக் கூட்டம் கூடும். நீர் திறக்கும் நாள், வேலி அடைக்கும் நாள், மாடு அகற்றும் நாள் என்று வட்டவிதானை ஒவ்வொன்றாக வாசிக்கும் அப்பட்டியலில், வேலிக்கு அடுத்த வரியில் இடமுண்டு.